டீனைப் பார்க்கப் போன தூதுக்குழு

மொன்றியலுக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, இந்தத் தேசத்தில் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லிக்கொடுக்க எங்களிடம் ஒரு குழு இருந்தது. தலைவர், பேராசிரியர் அனந்தராமன். பல்கலைக்கழகத்தில் பதினொரு வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறவர். துணைத் தலைவர், குழந்தை வைத்தியர் கமலினி. செயலாளர், பாலசந்திரன் என்கிற நான். ஒரு கம்பெனியில் பாலங்களுக்கு வரைபடம் போடும் எஞ்சினியர். உறுப்பினர், அனந்தராமனின் மனைவி அம்புஜம் மாமி. வேறு உறுப்பினர்கள் உண்டா என்று கேட்கக் கூடாது. இருந்த நாலு பேருக்கும் பதவி கிடைத்துவிட்ட பிறகு ஐந்தாவது ஆள் எதற்கு?

குழுவின் தலையாய சாதனை ஒரு கையேடு. நாற்பத்து நான்கு விதிகள், சைக்ளோஸ்டைல் செய்து, ஊதா மை கையில் ஒட்டும்படி. யாராவது 'எப்படி இருக்கிறாய்' என்றால் 'நலம்' என்று மட்டும் சொல், மூட்டுவலியைச் சொல்லாதே என்று ஒரு விதி. கால்சட்டைக்குள் இன்னொரு கால்சட்டை போடு என்று ஒரு விதி. முப்பத்தொன்றாவது விதியை அனந்தராமன் தானே யோசித்து, தானே அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்: 'உன் கஷ்டங்களை வெளியாரிடம் சொல்லாதே. அதில் உன் மானம் மட்டுமல்ல, தேசத்தின் மானமும் இருக்கிறது. குழுவிடம் வா.'

ஒவ்வொரு செப்டம்பரிலும் நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள அவருடைய அபார்ட்மெண்டில் புது மாணவர்களை உட்காரவைத்து, ரவா உப்புமா கொடுத்து, கனேடியர்களின் மனோதத்துவத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார். அந்த வீட்டுக்குள் அதுவரை வந்திருந்த ஒரே கனேடியர் ஹீட்டர் ரிப்பேர்காரர். அவரும் செருப்பைக் கழற்றச் சொன்னதும் திரும்பிப் போய்விட்டார்.

எழுபத்தொன்றாம் வருஷத்து உப்புமாவுக்கு வந்தவர்களில் ஒருவன் மணிவாசகம். சாத்தூர்ப் பக்கம். ரசாயன எஞ்சினியரிங்கில் மேல்படிப்பு. மற்றவர்கள் கையேட்டை மடித்து, சூடான தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் ஒவ்வொரு விதியாகப் படித்து, பென்சிலால் டிக் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதே கொஞ்சம் பயமாக இருந்தது. நாங்கள் எழுதியதை ஒருவன் நம்புவான் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

டிசம்பரில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு கிரேக்கத்து அம்மாளின் மாடியறையில் மூன்று வாரம் படுத்துக்கிடந்தான். விதிப்படி பல்கலைக்கழகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடம் சொன்னான். அம்புஜம் மாமி மோர் அனுப்பினாள். கமலினி இரண்டு நாளுக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தாள். காமாலை போயிற்று. கூடவே ஒரு பரீட்சையும் போயிற்று.

ஜனவரி கடைசியில் டீன் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பரீட்சைக்கு ஏன் வரவில்லை? உடம்பு சரியில்லை என்றால் வைத்தியரின் சான்றிதழை எடுத்துக்கொண்டு பிப்ரவரி பதினெட்டு, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடவும். வராவிட்டால் படிப்பிலிருந்து பெயர் நீக்கப்படும். பெயர் போனால் விசா போகும், விசா போனால் ஆள் போகவேண்டியதுதான்.

மணிவாசகம் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அனந்தராமன் வீட்டுக்கு ஓடி வந்தான். குழு அன்றைக்கே கூடியது. கமலினி அங்கேயே உட்கார்ந்து சான்றிதழ் எழுதி நீட்டினாள்.

"இந்தாப்பா, நாளைக்குக் காலையில போய்க் கொடுத்துட்டு வந்துடு."

நீட்டிய காகிதத்தை அனந்தராமன் நடுவிலேயே வாங்கிக்கொண்டார்.

"கமலினி, உனக்கு இந்த ஊர் ஆபீஸ் நடைமுறை தெரியாது. டீனுங்கறது கலெக்டர் மாதிரி. ஒரு பொடியன் தானா போய்க் கதவைத் தட்டினா என்ன மரியாதை இருக்கும்? நம்ம ஊர்ல காலேஜ் சீட்டுக்குப் பையனா போவான்? தகுந்த மனுஷாளைப் பிடிச்சு, அவா மூலமா சொன்னாத்தான் காரியம் நடக்கும்."

"சார், இது சீட்டு இல்ல. சர்டிபிகேட்" என்றாள் கமலினி.

"எல்லாம் ஒண்ணுதான். டீனை எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கறேன். மணி, நீ எதையாவது உளறி வெச்சுடாதே. நான் வந்து சொல்ற வரைக்கும் அந்தப் பக்கமே தலைகாட்டப்படாது. புரிஞ்சுதா?"

"சரிங்க சார்" என்றான் மணிவாசகம். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெரிய மனிதர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால் நம்மவர்களுக்கு உடம்பில் வரும் அந்த நிம்மதி. காமாலையைவிடச் சீக்கிரம் பரவக்கூடியது அது. எனக்கும் பரவியது. கடிதத்தை நானும் படித்தேன். மணிவாசகத்தை வரச் சொல்லித்தான் அதில் இருந்தது. 'தலைவர் ஆவன செய்வார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஆவன என்ன என்பது அடுத்த வாரம் தெரிந்தது. எடுத்தவுடன் விஷயத்தைப் பேசக்கூடாதாம். முதலில் பழக்கம் ஏற்படவேண்டுமாம். ஒரு சர்ச்சின் நிலவறை ஹாலில், வாடகை தோதாகக் கிடைத்த பிப்ரவரி ஐந்தாம் தேதி நாங்கள் பொங்கல் கொண்டாடினோம். அதற்கு டீனைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, பொன்னாடை போர்த்தி, அவர் சர்க்கரைப் பொங்கலில் முந்திரியைத் தேடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து மணிவாசகத்தின் விஷயத்தை மெதுவாகப் போடுவது என்று திட்டம். டீன் வரவில்லை. 'அழைப்புக்கு நன்றி, வேறு வேலை இருக்கிறது' என்று தட்டச்சில் இரண்டு வரி வந்தது. அனந்தராமன் அந்த இரண்டு வரியைப் பர்ஸில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டினார்.

"பார்த்தியா பாலு, கைப்பட கையெழுத்துப் போட்டிருக்கார். இனிமே நேரா போகலாம்."

நேராகப் போக அவர் தேர்ந்தெடுத்தது கடைசி நாள். முந்தின வாரம் அஷ்டமி, நவமி, பிறகு கரிநாள், பிறகு அவருக்கு ஜலதோஷம். வெள்ளிக்கிழமை காலையில் ராகு காலம் வருமே என்று அம்புஜம் மாமி இழுத்தபோது, புள்ளியியல் பேராசிரியர் காகிதத்தை எடுத்து, மொன்றியல் சூரிய உதயத்தை வைத்து எட்டாக வகுத்து, பத்து நாற்பத்தேழுக்குத்தான் தொடங்குகிறது என்று கண்டுபிடித்தார். ஊர்ப் பஞ்சாங்கப்படி பத்தரை. அந்தப் பதினேழு நிமிஷத்தை அவர் விஞ்ஞானத்தின் வெற்றி என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தே கால் மணிக்கு என் காரில் நான்கு பேர் கிளம்பினோம். அனந்தராமன் கோட்டுக்குமேல் கோட்டு; உள்கோட்டுப் பையில் சான்றிதழ். மாமி காஞ்சீபுரம் புடவைக்குக் கீழே முழங்கால் வரை பனிபூட்ஸ். மடியில் ஒரு தட்டு. தட்டில் பொங்கலில் மிஞ்சிய பொன்னாடை, சந்தன மரத்து யானை ஒன்று, நாலு ஆரஞ்சு. கமலினி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"மணியையும் கூட்டிட்டுப் போலாமே" என்றாள், கார் கிளம்பும்போது.

"கல்யாணம் பேசப் போறச்சே மாப்பிள்ளையையா அழைச்சுண்டு போவா?" என்றார் அனந்தராமன். "நாம பேசி முடிச்சப்புறம் வந்து காலைத் தொட்டுக் கும்பிடட்டும்."

"இந்த ஊர்ல மாப்பிள்ளைதான் போய்ப் பேசறான், சார்."

"அதனாலதான் இங்கே இத்தனை டைவர்ஸ்."

பத்து நாற்பத்தைந்துக்கு டீன் ஆபீஸ் வாசலில் இருந்தோம். மாமியின் பூட்ஸ் பாதி வழியில் கழன்றதால், ராகு காலத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கிட்டத்தட்ட ஓடித்தான் உள்ளே நுழைந்தோம். மிஸஸ் கெல்லி என்று பெயர்ப்பலகை வைத்த ஒரு அம்மாள் மேஜையில் இருந்தாள். அவளுக்குப் பின்னால் டீனின் அறைக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே காவலும் இல்லை, டவாலி போட்ட பியூனும் இல்லை. இரண்டு வெள்ளைக்கார மாணவர்கள் பெஞ்சில் சாய்ந்து ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

அனந்தராமன் தொண்டையைச் செருமி, மூன்று வாரமாக ஒத்திகை பார்த்த ஆங்கிலத்தில் தொடங்கினார். இந்தியாவின் தொன்மை, மொன்றியல் வாழ் இந்தியரின் பங்களிப்பு, காமாலையின் கொடுமை. மிஸஸ் கெல்லி பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு பட்டியலில் விரலை ஓட்டி, எங்கள் நால்வரையும் வரிசையாகப் பார்த்தாள்.

"உங்களில் யார் மிஸ்டர் மணிவாசகம்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாமிகூட ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் வரலை. நாங்க அவன் சார்பில்…" என்றேன்.

"அவன் அப்பாவா நீங்கள்?"

"இல்லை."

"அப்படியானால் அவன் விஷயத்தை உங்களிடம் பேசவே எனக்கு அனுமதி இல்லையே. சான்றிதழைக் கொண்டுவந்து அவன் இந்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். ஒரு நிமிஷ வேலை. மூன்று வாரமாகத் தினமும் ஒன்பதிலிருந்து ஐந்து வரை நான் இங்கேதான் இருக்கிறேன்." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "பன்னிரண்டுக்கு இந்தப் பட்டியல் மேலே போய்விடும். அதற்குள் அவன் வரட்டும்."

அந்த நேரம் பார்த்து சட்டைக்கை மடித்தவர் எழுந்து வெளியே வந்தார். அனந்தராமன் அந்த வாய்ப்பை விடவில்லை. வலதுகையை நீட்டி, தன் பெயரையும் துறையையும் சொன்னார். டீன் கையைக் குலுக்கினார். மாமி நீட்டிய தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சு எடுத்துக்கொண்டார்.

"புள்ளியியலா? நல்லது, நல்லது. இந்த வருஷம்தான் சேர்ந்தீர்களா?"

பதினொரு வருஷம் அந்த ஆபீசில் சத்தமில்லாமல் விழுந்தது. டீன் ஆரஞ்சை உரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அனந்தராமன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆப்பிள் தின்ற பையன் நகர்ந்து இடம் கொடுத்தான். நான் சிரித்திருக்கவேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை. மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

கமலினி ஏற்கெனவே மிஸஸ் கெல்லியின் போனை வாங்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். மணிவாசகத்தின் அறையில் போன் இல்லை; வீட்டுக்காரக் கிரேக்கத்து அம்மாள்தான் எடுத்தாள். கமலினி பிரெஞ்சில் கேட்டாள், ஆங்கிலத்தில் கேட்டாள், பிறகு போனைக் காதிலிருந்து விலக்கிப் பார்த்தாள்.

"வெச்சுட்டா. அவ வீட்டுப் பையன்களுக்குப் பொம்பளைங்க போன் பண்ணக் கூடாதாம். பாலு, வண்டியை எடுங்க. போய்த் தூக்கிட்டு வாங்க."

பார்க் அவென்யூவில் பனி வாரும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, பதினொன்று இருபதுக்கு அந்த மாடிப்படியில் ஏறினேன். மணிவாசகம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். குளித்து, திருநீறு பூசி, மடிப்புக் கலையாத சட்டை, டை. காலில் பாலிஷ் போட்ட ஷூ. ஒரு மனிதன் இதைவிடத் தயாராக இருக்க முடியாது. சும்மா இருப்பதற்கு அவ்வளவு தயார்.

"சார், முடிஞ்சுதுங்களா?" என்று எழுந்தான்.

"முடியலை. நீ வரணுமாம். கிளம்பு, இன்னும் நேரம் இருக்கு."

அவன் நகரவில்லை. "அனந்தராமன் சார் வரலீங்களா?"

"அவர் அங்கதான் இருக்கார். உன் கையெழுத்து வேணும். வா."

"சார் வரச் சொன்னாருங்களா?"

"டீன் ஆபீஸ்ல சொன்னாங்கப்பா."

"அதில்லீங்க சார்." அவன் கைகளைப் பிசைந்தான். "நான் வந்து சொல்ற வரைக்கும் நகராதேன்னாரு. பேசிக்கிட்டிருக்கறப்ப நடுவுல நான் போய் நின்னா அவருக்கு அவமானமா போயிரும். அப்புறம் அவரு கைவிட்டுட்டாருன்னா எனக்கு இந்த ஊர்ல யாரு சார் இருக்கா?"

நான் உட்கார்ந்து விளக்கினேன். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று சொன்னேன். மிஸஸ் கெல்லி சொன்னதைச் சொன்னேன். டீனை அனந்தராமனுக்குத் தெரியாது என்றும், அதைவிட முக்கியமாக டீனுக்கு அனந்தராமனைத் தெரியாது என்றும் சொன்னேன். அவன் முகம் இறுகியது. பெரியவர்களுக்குள் ஏதோ பகை, அதில் இந்தப் பாலசந்திரன் தன்னை இழுக்கப் பார்க்கிறான் என்று நினைக்கிறான் என்பது தெரிந்தது.

"எங்க ஊர்லயும் இப்படித்தான் சார் ஆச்சு. பாலிடெக்னிக் சீட்டுக்கு எங்கப்பா ஒருத்தரைப் பிடிச்சிருந்தாரு. நடுவுல எங்க மாமா இன்னொருத்தரைப் பிடிச்சாரு. ரெண்டு பேருமே விட்டுட்டாங்க."

நான் உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பதினைந்து நிமிஷத்தை வீணாக்கினேன். கடைசியில் களைத்துப்போய், "அனந்தராமன் சார்தான் அனுப்பினார். உடனே அழைச்சுண்டு வான்னார்" என்று ஒரு பொய் சொன்னேன். வாக்கியம் முடியுமுன் அவன் கோட்டை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தான்.

காரில் அவன் சிவப்பு விளக்குகளில் நான் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்தான். இரண்டாவது விளக்கில் தன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றாவது விளக்கில், "சார், பன்னெண்டுன்னா கரெக்டா பன்னெண்டுங்களா?" என்றான். நம் ஊரில் வளர்ந்த ஒருவன் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

பன்னிரண்டு எட்டுக்கு உள்ளே நுழைந்தோம். டீனின் அறை காலியாக இருந்தது. மிஸஸ் கெல்லி கோட்டுப் போட்டுக்கொண்டு, ஆனால் போகாமல் நின்றிருந்தாள்.

"ஐந்து நிமிஷம் பிடித்துவைத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பட்டியல் போய்விட்டது" என்றாள். எங்களைப் பார்த்து அல்ல, மணிவாசகத்தைப் பார்த்து. பெரியவர்களை விட்டுவிட்டு ஒருவர் தன்னைப் பார்த்துப் பேசுவது அவனுக்குப் பழக்கமில்லாமல் இருந்தது. பேசுவது யாரிடம் என்று திரும்பிப் பார்த்தான். "மேல்முறையீடு செய்யலாம். இந்தப் படிவம். எடுத்துக்கொள்வார்களா என்று என்னால் சொல்ல முடியாது. மூன்று வாரம் அவகாசம் கொடுத்தும் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கட்டத்தில் நன்றாக எழுது."

அனந்தராமன் பெஞ்சிலிருந்து எழுந்தார். அந்த ஒரு மணி நேரத்தில் பழைய உருவம் அவருக்குப் பெரும்பாலும் திரும்பி வந்திருந்தது.

"கவலைப்படாதே மணி. அந்தப் படிவத்தை இங்கே கொடு. இதுக்கு மேல வைஸ் பிரின்ஸிபல்னு ஒருத்தர் இருக்கார். அவரை எனக்கு…"

நீட்டிய கை அப்படியே நின்றது. மணிவாசகம் படிவத்தைக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கடுதாசி வந்த அன்னிக்கே நான் படிச்சேன் சார்" என்றான், மெதுவாக. "என்னையத்தான் வரச் சொல்லியிருந்துச்சு. எனக்கும் அவ்வளவு இங்கிலீஷ் தெரியும். நீங்க நாலு பேரும் படிச்சிட்டு வேற மாதிரி சொன்னீங்க. அத்தனை பெரியவங்க சொன்னா அதுல எனக்குப் புரியாத ஏதோ இருக்கும்னு நினைச்சேன்."

கமலினி, "எங்க தப்புதான்ப்பா" என்றாள். சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"தப்பு யார் மேலேங்கறது இப்போ பேச்சில்லை" என்றார் அனந்தராமன். "மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பார்ப்போம்."

மாமி தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து அவனிடம் நீட்டினாள். "கார்த்தால ஏதாவது சாப்பிட்டியோ, குழந்தே?" அவன் வாங்கிக்கொள்ளவில்லை. மிஸஸ் கெல்லியிடம் போய், எங்கள் கையேட்டின் எந்த விதியிலும் இல்லாத ஆங்கிலத்தில், நேராக, "எனக்கு ஒரு பேனா வேண்டும்" என்றான். அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பேனாவைக் கொடுத்து, மேஜையின் ஓரத்தில் இடம் ஒதுக்கினாள்.

அவன் எழுத உட்கார்ந்தான். பெயர், துறை, பிறந்த தேதி என்று வேகமாகப் போயிற்று. அனந்தராமன் அவன் தோளுக்கு மேலே குனிந்தார்.

"பெரிய எழுத்துல எழுது. 'ஹம்ப்ளி ஸப்மிட்'னு ஆரம்பி."

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் மணிவாசகம், தலையைத் தூக்காமல்.

தள்ளி நின்றோம். நாலு பேரும். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்கும் கட்டத்துக்கு அவன் வந்துவிட்டான் என்பது பேனா நின்றதில் தெரிந்தது. நாலு அங்குல நீளக் கட்டம். பிறகு எழுதத் தொடங்கினான். நிறுத்தாமல் எழுதினான்.

அனந்தராமன் என் காதருகே வந்தார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"பாலு, பேர் ஏதாவது எழுதறானான்னு பாரு."

பார்த்தேன். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாதபடி மறைப்பதுபோல, இடது கையை வளைத்துப் படிவத்தை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான்.